மேல்தண்ணியும் அடித்தண்ணியும்

(வவுணதீவில் ஆற்றிய அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வந்துகொண்டிருந்தபோது வாகனத்தை நிறுத்தச் சொல்லி, இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே ஒருவர் கம்பூன்றித் தோணி விட்டுக்கொண்டு போனார். கம்பை எடுக்கும்போதெல்லாம் அது எதுவரை நனைந்திருக்கிறது என்று ஒரு பார்வை. நுனியில் ஒட்டியது சேறா மணலா என்று இன்னொரு பார்வை. ஓரிடத்தில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு தோணியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார்.

ஆழம், அடித்தரை, உப்பு. மூன்று அளவீடுகளை அவர் எடுத்தார்; எடுத்ததை வைத்து ஒரு முடிவும் செய்தார். பல கோடி ரூபா பெறுமதியான ஆராய்ச்சிக் கப்பல்கள் வங்கக் கடலில் போய்ச் செய்வதும் இதே வேலைதான். கம்பு மட்டும் நாலாயிரம் மீற்றர் நீளம். அந்த நீளக் கம்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் ஒரு சின்ன வேலை செய்வோம். இந்தக் கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு உப்புத் தண்ணீர். தெரியட்டும் என்று கொஞ்சம் சிவப்பு மை கலந்திருக்கிறேன். அதன்மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டி முதுகில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறேன். பாருங்கள், கலக்கவில்லை. கீழே சிவப்பு, மேலே தெளிவு, நடுவில் கோடு கிழித்தது போல ஓர் எல்லை. முன்வரிசைத் தம்பி, இந்த ஸ்ட்ரோவால் மேலே ஊது. மேல்தண்ணி சுழல்கிறது, சிவப்பு அசையவில்லை. இன்னும் பலமாக ஊது. இப்போது எல்லையில் மெல்லக் கசிகிறது. இந்தப் போத்தலை மறந்துவிடாதீர்கள். வாவிக்கும் கடலுக்கும் சூறாவளிக்கும் இதுவே போதும்.

நம் வாவியை எடுத்துக்கொள்வோம். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலைத் தொடுவதற்கு அதற்கு இரண்டே வாய்கள்: நகருக்குப் பக்கத்தில் முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றது. கோடையில் மணல் வந்து வாயை அடைக்கிறது. மாரியில் உன்னிச்சை, நவகிரிப் பக்கமிருந்தும் மேற்கே படுவான்கரை வயல் வட்டைகளிலிருந்தும் வெள்ளம் இறங்கி வாவி முட்டுகிறது. அப்போது ஆற்றுவாய் வெட்டுகிறார்கள். விவசாயி வெட்டச் சொல்வார், மீன்பிடிப்பவர் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார். அந்த வழக்கு உங்களுக்குத் தெரியும், அதற்குள் நான் தலையிடவில்லை. வெட்டிய பிறகு தண்ணீருக்குள் நடப்பதைத்தான் சொல்லவேண்டும். வெள்ளம் வடிந்து வேகம் குறையும்போது, ஏற்றத்தோடு கடல்நீர் உள்ளே வருகிறது. அது உப்பு, கனம் கூடியது; ஆகவே ஆப்பு இறக்கியதுபோல் அடியால் நுழைகிறது. மேலே நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, கீழே உப்புத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். காற்று ஓய்ந்த நாளில் வாய்ப்பக்கத்து ஆழங்களில் மேல்தண்ணியைக் குடித்துப் பார்த்து அடித்தண்ணியைத் தீர்மானித்தால் ஏமாந்துபோவோம். நண்டும் இறாலும் இருப்பது அடியில்.

இனி அந்த வாவியைப் பெரிதாக்குங்கள். வங்காள விரிகுடாவும் ஒரு வகையில் வாவிதான். வடக்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் மற்ற ஆறுகளும் நல்ல தண்ணீரைக் கொட்டுகின்றன. மேலே பருவமழையும் பெய்கிறது. சாதாரணக் கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். மழைக்காலம் முடியும்போது விரிகுடாவின் வடபகுதி மேற்பரப்பில் அது 30 கிராமுக்கும் கீழே போய்விடும். தெற்கே வாய் திறந்திருக்கிறது. அந்த வாயின் மேற்குக் கரையில் நிற்பது இலங்கை. சோழகக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், அரபிக் கடலின் உப்புக் கூடிய நீர் இலங்கையின் தென்முனையைச் சுற்றி வந்து விரிகுடாவுக்குள் நுழைகிறது. கனமானது, ஆகவே நல்ல தண்ணீருக்குக் கீழே இறங்கிப் போகிறது. முகத்துவாரத்தில் நடக்கும் அதே கதை. அங்கே ஒரு ஆள் ஆழம், இங்கே நூறு நூற்றைம்பது மீற்றர்.

இதைக் கரையில் நின்று பார்த்தால் தெரியாது. வானத்துச் செய்மதிக்கும் மேல்தோல் மட்டுமே தெரியும். உள்ளே ஏதாவது ஒன்றை இறக்கித்தான் ஆகவேண்டும்.

இறக்குவதற்கு மனிதன் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரித்தானியக் கப்பல் சலஞ்சர், சணல் கயிற்றில் வெப்பமானி கட்டி ஆயிரக்கணக்கான மீற்றர் இறக்கியது. அது கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்ற இரசாயனவியலாளர் பகுத்து 1884இல் முடிவை வெளியிட்டார்: எந்தக் கடலில் அள்ளினாலும் உப்பின் மொத்த அளவு கூடும், குறையும், அதற்குள் குளோரைட்டும் சோடியமும் மக்னீசியமும் ஒன்றுக்கொன்று வைத்திருக்கும் பங்கு ஏறக்குறைய மாறாது. இந்த ஓர் உண்மைதான் பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் அத்திவாரம். ஒன்றை அளந்தால் மற்றவை எல்லாம் தெரிந்துவிடும்.

நம் பக்கக் கடலுக்கு வந்த கப்பல்களில் இரண்டைச் சொல்லவேண்டும். 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்து சமுத்திர ஆய்வில் அன்டன் புரூன் என்றொரு கப்பல் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனின் உல்லாசப் படகாக இருந்ததை ஆய்வுக் கப்பலாக மாற்றியிருந்தார்கள். மற்றது நோர்வேயின் டாக்டர் ஃப்ரித்யோஃப் நான்சன். 1978 ஓகஸ்ட், செப்டெம்பரில் இலங்கைக் கரையைச் சுற்றி மீன்வளத்தையும் நீரையும் அளந்தது; 1979இலும் 1980இலும் திரும்ப வந்தது. அதே பெயர் கொண்ட புதிய கப்பல் 2018இல், நாற்பது ஆண்டு கழித்து, நாரா என்று நாம் அழைக்கும் தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி அபிவிருத்தி முகவர் நிலையத்தோடு சேர்ந்து மறுபடியும் அளந்தது. 1978இல் எழுதிவைத்த கணக்கு இல்லாவிட்டால் 2018இல் எடுத்த கணக்கை எதோடு ஒப்பிடுவது? இந்தக் கேள்வியை ஒரு பக்கம் வையுங்கள். கடைசியில் இதற்குத்தான் வருவேன்.

இப்போது கப்பலின் பின்தளத்துக்குப் போவோம். அங்கே ஆள் உயரத்தில் வட்டமான ஓர் இரும்புச் சட்டம். அதைச் சுற்றி வரிசையாக நீளக் குழாய்கள், பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு. ஒவ்வொன்றும் பத்து லீற்றர் கொள்ளும். மேலும் கீழும் மூடி, இரண்டையும் இழுத்துக் கட்டிய நாண். இவை நிஸ்கின் போத்தல்கள். சட்டத்தின் அடியில் மூளை: சீ.டீ.டீ. என்று எல்லா மொழிக்காரரும் சொல்லும் கருவி. மின் கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். கப்பல் குறித்த இடத்துக்கு வந்ததும் அசையாமல் நிற்கும். பாரம்தூக்கியின் கம்பி வடம் சட்டத்தைத் தூக்கிக் கடலில் விடும். பத்து மீற்றரில் சில நிமிடம் நிறுத்தி, கருவியைத் தண்ணீருக்குப் பழக்கிக்கொள்வார்கள். பிறகு செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் கீழே. அது செக்கனுக்கு இருபத்துநான்கு தரம் அளந்து வடம் வழியே மேலே சொல்லிக்கொண்டிருக்கும். 3,500 மீற்றர் இறங்க ஒரு மணித்தியாலம். அறையில் உட்கார்ந்திருப்பவர் திரையில் கோடுகள் வளைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடத்துதிறன் எதற்கு என்று ஒரு தங்கை கேட்கிறார். நல்ல கேள்வி. உப்பு கரைந்தால் அயன்களாகப் பிரிகிறது. அயன்கள்தான் மின்னைக் கடத்துகின்றன. உப்புக் கூடினால் கடத்துதிறன் கூடும். ஆனால் சூடு கூடினாலும் கூடும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. ஆகவே வெப்பநிலையை ஆயிரத்தில் ஒரு பாகை வரை துல்லியமாக அளக்காவிட்டால் உப்புக் கணக்கு பிழைத்துவிடும். ஆழத்தையும் கருவி நேரே அளப்பதில்லை, அமுக்கத்தைத்தான் அளக்கிறது. பத்து மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 3,500 மீற்றரில் அது 350 மடங்கு. இந்தக் கோப்பையைக் கையில் வாங்கிப் பாருங்கள், பின்வரிசை வரைக்கும் போகட்டும். தேநீர் குடிக்கிற சாதாரண ரெஜிபோம் கோப்பைதான். ஒரு வலைப்பையில் போட்டுச் சட்டத்தோடு கட்டி இறக்கினோம். திரும்பி வந்தபோது பெருவிரல் அளவு. உள்ளே இருந்த காற்றைக் கடல் பிழிந்து எடுத்துவிட்டது.

திரையில் என்ன தெரியும்? நம் கிழக்குக் கடலில் மேலே 28, 29 பாகை செல்சியஸ். சில பத்து மீற்றருக்கு மாற்றமே இல்லை. காற்று கலக்கி வைத்த அடுக்கு அது. அதற்குக் கீழே சூடு விறுவிறென்று விழும். ஆயிரம் மீற்றரில் ஆறு, ஏழு பாகை. அடியில் இரண்டு பாகைக்கும் குறைவு. வவுணதீவு வெயிலில் நிற்கும்போது நுவரெலியாக் குளிரைக் காட்டிலும் கடுங்குளிர் கிழக்கே படுத்திருக்கிறது. ஒட்சிசன் கோடு இன்னொரு கதை சொல்லும். நூறு மீற்றர் தாண்டியதும் சரிந்து, பல நூறு மீற்றருக்கு ஏறக்குறைய இல்லை என்ற நிலை. பிறகு அடியை நோக்கிப் போகப்போக மெல்லக் கூடும். மேலே செத்து விழுவதையெல்லாம் நுண்ணுயிர்கள் தின்று ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. நல்ல தண்ணீர் மூடிக் கிடப்பதால் மேலிருந்து புதிது இறங்குவதும் குறைவு.

போத்தல்களை மூடுவது மேலே வரும்போது. வேண்டிய ஆழத்தில் நிறுத்தி அறையிலிருந்து பொத்தானை அழுத்தினால் நாண் விடுபட்டு மூடிகள் அறைந்துகொள்ளும். தளத்துக்கு வந்ததும் ஓட்டம்தான். முதலில் ஒட்சிசனுக்கான நீர். குமிழி வராமல் குழாயைப் போத்தல் அடிவரை விட்டு நிரப்பவேண்டும், காற்றுப் பட்டால் கணக்குப் போச்சு. 1888இல் விங்க்ளர் சொல்லித்தந்த நியமிப்பு முறையே இன்றைக்கும் நடுவர். உப்புக்கான மாதிரி கடைசியில். கருவி சொன்னதும் போத்தல் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கருவியை நம்புவோம்.

இளவயதில் நானும் ஒரு கப்பலில் இந்தப் போத்தல் வேலை செய்தேன். ஒரு நள்ளிரவு. சட்டம் மேலே வந்தபோது ஏழாவது போத்தலின் நாண் சிக்கி மூடி திறந்தே கிடந்தது. ஆறாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். நடு இலக்கத்தைப் போட்டு நிரப்பிவிட்டேன். தலைமை விஞ்ஞானி பதிவேட்டைப் பார்த்தார், திட்டவில்லை. நான் எழுதியதை ஒரே கோடாகக் கீறி, மேலே எழுதினார்: மூடவில்லை. "இது பதில் தம்பி. நீ எழுதினது ஆசை" என்றார். அந்த இரவுக்குப் பிறகு நான் எந்தக் கட்டத்தையும் ஆசையால் நிரப்பியதில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் நடுவில் கரையைக் கடக்கிறது 8 பாகை வட அகலாங்குக் கோடு. அதே கோட்டில் நேர் கிழக்கே நானூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் அப்பால் தொடங்கி, 2016 ஜூன், ஜூலையில் இந்தியாவின் சிந்து சாதனா என்ற கப்பல் அளந்துகொண்டு போனது. இந்தியாவும் பிரித்தானியாவும் சேர்ந்து நடத்திய பொபிள் திட்டம் அது. 85.3 பாகை கிழக்கு நெட்டாங்கிலிருந்து 89 வரை சீ.டீ.டீ. இறக்கினார்கள், ஐந்து கிளைடர்களையும் விட்டார்கள். கிளைடர் என்பது ஆளில்லாத, விசிறியில்லாத சிறு கலம். தன் மிதப்பை மாற்றி மாற்றி இறங்கியும் ஏறியும் போய்க்கொண்டே அளக்கும். ஏன் அந்த இடம்? விரிகுடாவின் தென்மேற்கு, அதாவது நம் பக்கம், தென்கிழக்கை விடக் குளிர்ச்சி கூடியது, உப்புக் கூடியது, சோழகக் காலத்தில் மழை குறைந்தது. அந்தக் குளிர்ந்த கடல் பருவமழையையே பாதிக்கிறது.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை உங்கள் வயல் வரம்பில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி இறங்கி, படுவான்கரையைக் காய்ச்சி எடுக்கிற கச்சான் காற்றை அறியாதவர் இங்கே யார்? சோழகம் மலையில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு, சூடாக நம்மிடம் வருகிறது. தீவின் தெற்கே திறந்த கடலில் அதே காற்று முழுப் பலத்தோடு வீசும். தீவின் மறைவில் கிழக்குக் கடலில் பலம் குறைந்திருக்கும். தெற்கே பலம், வடக்கே தளர்ச்சி. இந்த வித்தியாசம் மேல்தண்ணியை இடஞ்சுழியாக முறுக்குகிறது. பூமியும் சுழல்வதால் அந்தத் தண்ணீர் வெளியே விலகுகிறது; விலகிய இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்நீர் எழும்புகிறது. கூடாரத்தின் நடுக்கம்பு துணியை உயர்த்துவதுபோலக் குளிர்நீர் எல்லை மேலே குவிகிறது. வினயச்சந்திரன், யமகாட்டா என்ற இருவர் 1998இல் இதை விவரித்து இலங்கைக் குவிமாடம் என்று பெயரிட்டார்கள். வைகாசியில் எழும்பத் தொடங்கி, ஆடியில் முதிர்ந்து, புரட்டாதி வாக்கில் அமர்ந்துவிடும். அடிநீரோடு சத்துகளும் ஏறிவருவதால் வெளிச்சத்தில் நுண்தாவரம் பெருகும். அதன் பின்னால் மீனும் வரும். வட்டையைக் காய வைக்கிற காற்றே கடலை உழுது பசளை போடுகிறது.

அடுத்தது சூறாவளி. 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவைப் பற்றி மூத்தவர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை. ஓடு பறந்ததையும் தென்னை சரிந்ததையும் நீங்கள் எனக்குச் சொல்லித் தரலாம். நான் சொல்லக்கூடியது சூறாவளிக்குக் கீழே இருக்கும் தண்ணீரைப் பற்றி. சூறாவளி சூடான மேல்தண்ணியைத் தின்று வளர்கிறது. வளரும்போது கடலைக் கலக்கிக் குளிரை மேலே இழுக்கும். அந்தக் குளிரே அதன் பசியை அடக்கும். இது சாதாரணக் கடலில். இப்போது நம் போத்தலை நினையுங்கள். மேலே நல்ல தண்ணீர் மெல்லியதாக விரிந்திருக்கிறது. ஒரு கிலோ நீரில் ஒரு கிராம் உப்புக் குறைவது, இந்தச் சூட்டில் இரண்டு பாகைக்கு மேல் வெப்பம் கூடியதற்குச் சமமாக அதை இலேசாக்கிவிடும். ஆகவே அது மூடிபோல மிதக்கிறது. மூடிக்குக் கீழேயும் சூடான நீர்தான், உப்புக் கூடியது. குளிர் அதற்கும் அடியில். இந்த இடைநீரைத் தடை அடுக்கு என்கிறார்கள். தம்பி ஸ்ட்ரோவால் ஊதினானே, எவ்வளவு பாடுபட்டான்! காற்றும் அப்படித்தான் பாடுபடும். கலக்கினாலும் வருவது சூடான நீரே. ஆறுகள் கொட்டிய நல்ல தண்ணீர் விரிகுடாவில் விரிந்துகிடக்கும் வடகீழ்ப் பருவ மாதங்களில்தான் நமக்குச் சூறாவளியும் வருகிறது. மேல்பரப்பின் சூட்டை மட்டும் பார்த்து ஒரு புயல் தணியுமா வளருமா என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இது. அடுக்குகளை அளக்கவேண்டும்.

இன்றைக்கு அதற்குத் துணையாக ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. உலகக் கடல்களில் ஏறத்தாழ நாலாயிரம். பத்து நாளைக்கு ஒரு தரம் 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செய்மதிக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். அப்படியானால் கப்பல் எதற்கு? மிதவையின் கருவி காலப்போக்கில் பிழைவிடும்; சரிபார்க்கப் போத்தல் நீர் வேண்டும். அதைக் கப்பல்தான் அள்ளிவர முடியும்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுநுனியைக் காதில் வைத்து மீன்பாட்டுக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரியும் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர் ஓடும் ஒலி, கடல்நீரில் 1,500 மீற்றர் ஓடுகிறது. சூடு, உப்பு, அமுக்கம் மூன்றும் அந்த வேகத்தை மாற்றும். வேகம் மாறும் எல்லையில் ஒலி வளையும். மீனைத் தேடும் கருவிக்கும் நீர்மூழ்கியைத் தேடும் கருவிக்கும் அந்த வளைவு தெரிந்திருக்கவேண்டும். அதனால்தான் 2023 ஒக்டோபரில் சீனாவின் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தபோது அவ்வளவு பேச்சு எழுந்தது. 2024இல் அரசாங்கம் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களை ஓராண்டுக்கு நிறுத்தியும் வைத்தது. மீனவருக்கு உதவும் அதே இலக்கம் கடற்படைக்கும் உதவும். நம் கடலின் கணக்கு நம் கையிலும் இருக்கவேண்டும் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

ஒரு பக்கம் வைக்கச் சொன்ன கேள்விக்கு வருகிறேன். வலையிறவுப் பாலத்தடியில் கண்ட அந்த அண்ணன் ஆயுள் முழுக்க இந்த வாவியை அளந்திருப்பார். அவருடைய அப்பாவும் அளந்திருப்பார். அவ்வளவு அளவும் எங்கே? அவர் கையில் இருக்கிறது; அவரோடு போய்விடும். பத்து வருடத்துக்கு முன் இதே மாதத்தில் வலையிறவில் அடித்தண்ணி எவ்வளவு உப்பு என்று கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டாமா? இறால் குறைந்தது, தண்ணீர் பழுதாகிப்போனது என்று நாளைக்கு நாம் முறைப்பாடு சொல்லும்போது, முந்தி எப்படி இருந்தது என்று கேட்பார்கள்.

கப்பல் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிப் போத்தல், அடியில் கட்டக் கல், வாயில் தக்கை. போத்தலுக்கு ஒரு கயிறு, தக்கைக்கு ஒரு கயிறு. அடிக்கு இறக்கித் தக்கையைச் சுண்டி இழுத்தால் அடித்தண்ணி போத்தலுக்குள். பழைய கடலாய்வாளர்கள் உண்மையிலேயே பாவித்த முறை இது. ஒரு வெப்பமானி. கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு தட்டு. 1865இல் செக்கி என்ற பாதிரியார் இறக்கிப் பார்த்தது போல, தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே கலங்கலின் அளவு. நூறு மில்லிலீற்றர் நீரை வற்றவைத்து மிஞ்சும் உப்பை நிறுக்கப் பாடசாலை ஆய்வுகூடத் தராசு போதும். கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு.

இந்தக் கொப்பியை நான் கொண்டுவந்திருக்கிறேன்; அதிபரிடம் கொடுக்கிறேன். கோடு கீறி வைத்திருக்கிறேன்: நாள், நேரம், ஆழம், மேல்தண்ணி, அடித்தண்ணி, தட்டு மறைந்த இடம், காற்று, ஆற்றுவாய் திறந்ததா மூடியதா. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். மாணவர் எழுதட்டும், தோணியும் கம்பும் மீன்பிடிக்கிற அண்ணன்மாருடையவை. மழை பெய்து போக முடியாவிட்டால் போகவில்லை என்று எழுதுங்கள். தக்கை கழலாமல் போத்தல் வெறுமையாக வந்தால், வெறுமையாக வந்தது என்று எழுதுங்கள்.

 அந்தக் கோப்பையை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்.